பிரேக்கக்காவின் இடப்பக்கக் குடல்வால்

பிரேக்கக்காவுக்கு வலித்தது இடப்பக்கம். வாசல் காவலாளியிடம் அப்படித்தான் சொன்னாள். சீட்டுப் போடுகிற பெண்ணிடமும் அப்படித்தான் சொன்னாள். தள்ளுவண்டியில் ஏற்றிய ஆளிடம், படுத்தபடியே கையை வைத்துக் காட்டியும் சொன்னாள். மூன்று பேரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஆகட்டும் அம்மா, வலப்பக்கம்தானே என்றார்கள்.

இடம் வலம் தெரியாத பெண் அல்ல அவள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதுதான் அவளுக்குத் தொழில். இடப்பக்கம் திருப்பு என்றால் வலப்பக்கம் திருப்புகிற ஆட்களோடுதான் அவளுக்குப் பொழுது விடிந்து பொழுது போகும். பயிற்சி வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிப்பதற்கு முன்னால் வாயாலும் ஒருமுறை மிதிப்பாள். அப்படி வந்த பெயர்தான் பிரேக்கக்கா. கட்டிய கணவரே கோபம் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

அன்றைக்கு ஒரு வங்கி அதிகாரிக்கு வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. அவள் குனிந்து முனகியதைப் பார்த்த அதிகாரி, தான் ஓட்டுகிற லட்சணத்துக்குத்தான் முனகுகிறாள் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். விஷயம் தெரிந்ததும் அவரேதான் ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். வழியில் எங்கேயும் இடிக்கவில்லை. அதற்கு ஒரு வார்த்தை பாராட்டக்கூட அவளுக்கு மூச்சு வரவில்லை.

சேர்த்த இடம் குடல்வால் உயர்சிகிச்சை நிலையம். மற்ற ஆஸ்பத்திரிகளில் குடல்வாலுக்கு ஒரு மூலையை ஒதுக்கியிருப்பார்கள். இங்கே கட்டடம் மொத்தமும் குடல்வாலுக்குத்தான். பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் விரல் நீளத்துக்குத் தொங்குகிற ஒரு சமாசாரத்துக்கு இத்தனை பளிங்குக் கல்லா என்று முதல்முறை வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். முகப்பில் நிறுவனருடைய சிலை நின்றது. ஒரு கையில் கத்தி. மற்றக் கையின் ஆள்காட்டி விரல் தன்னுடைய வலது அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. குடல்வால் வலது அடிவயிற்றில் இருக்கும் என்பது மற்ற இடங்களில் பாடம். நிலையத்தில் அது மார்க்கம்.

கட்டில்களின் இடப்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும். டாக்டர் நிற்க வலப்பக்கம் மட்டும்தான் இடம். விளக்கு வலது வயிற்றின் மேல் விழும்படி தொங்கும். நோயாளிக்குப் போட்டுவிடுகிற அங்கியில் வலது அடிவயிற்றுக்கு நேராக ஒரு சின்ன சன்னல் வெட்டித் தைத்திருப்பார்கள். அந்தச் சன்னல் வழியாக, உள்ளே வந்ததுமே, நீல மையில் ஓர் அம்புக்குறி முத்திரை குத்துவார்கள். எங்கே வெட்ட வேண்டும் என்பதில் டாக்டருக்குக் குழப்பம் வரக்கூடாதாம். பிரேக்கக்காவுக்கும் குத்தினார்கள். வலிக்கிற இடம் அது இல்லை என்று அவள் சொன்னதற்கு முத்திரைக்காரர் கோபப்படவில்லை. வலிக்கிற இடத்தைப் பற்றித் தன்னிடம் ஒரு தகவலும் இல்லை, தன்னுடைய வேலை அம்பு மட்டுமே என்றார்.

அடுத்தது எக்ஸ்ரே. ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோருக்கும் நெஞ்சைப் படம் எடுப்பார்கள். பிரேக்கக்காவின் படத்தில் இதயம் வலப்பக்கம் தெரிந்தது. அதைப் பார்த்த உதவி டாக்டர், படத்தைத் திருப்பி மாட்டத் தெரியாதா என்று எக்ஸ்ரேக்காரரைத் திட்டிவிட்டு, தானே திருப்பி மாட்டினார். அவருக்கு மேலே உள்ளவர் வந்து பார்த்தார். இதயம் சரியாக இருந்தது, ஆனால் படத்தின் ஓரத்து எழுத்துகள் கண்ணாடியில் தெரிகிற மாதிரி தலைமாறி இருந்தன. எழுத்தைக்கூடத் தலைமாற்றி வைத்திருக்கிறாயே என்று அவர் வேறு திட்டினார். மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் இதயம் வலப்பக்கம் போனது. எக்ஸ்ரேக்காரருக்கு வீட்டில் பிள்ளைகுட்டிகள் இருந்தன. அதற்கடுத்த படத்தை அவரே திருப்பி, எழுத்துகளையும் தனியாக ஒட்டி அனுப்பிவைத்தார். அருமையான படம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இதயம் எங்கே என்று கேட்டுப் பார்க்க ஒருவர் வந்தார். நிலையத்துக்கு வாரம் ஒருமுறை வந்துபோகும் இதய நிபுணர். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சின் இடப்பக்கம் வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார். கடைசியில் கணவரை வெளியே அழைத்துப் போய், உங்கள் மனைவிக்கு ரொம்பவும் அடக்கமான இதயம், இருப்பதே தெரியவில்லை, அதிர்ச்சியான செய்தி எதையும் சொல்லிவிட வேண்டாம் என்றார். குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற அந்த மனிதருக்கு வெள்ளைக் கோட்டைக் கண்டால் கை தானாகக் கட்டிக்கொள்ளும். அவர் கதவுக்கு வெளியே நின்று அழுதார். உள்ளே வந்து, நீ எதுக்கும் கவலைப்படாதே என்று இவளிடம் கவலையாகச் சொன்னார்.

"என்னங்க, எனக்கு என்னமோ ஆயிடுச்சா?"

"ஒண்ணும் இல்ல. உனக்கு அடக்கமான மனசாம்."

வலியோடு வலியாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அப்படி ஒருவரும் சொன்னது கிடையாது.

மறுநாள் காலையில் பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தார். அவர் வருவதை முன்கூட்டியே அறிவித்து, வார்டின் சன்னல்களைத் திறந்து, நோயாளிகளின் அங்கிச் சன்னல்களையும் திறந்து வைத்தார்கள். பின்னால் உதவி டாக்டர்கள் பதவி வரிசையில் வந்தார்கள். அந்த வரிசையின் வாலில் ஒரு சின்ன டாக்டரம்மா. அறுவைப் படிப்பை முடித்துப் புதிதாகச் சேர்ந்தவள். பெரிய டாக்டர் கட்டில் கட்டிலாக நின்று, வலது அடிவயிற்றில் ஒரே ஓர் இடத்தை இரண்டு விரலால் அழுத்தி, வலிக்குதா என்று கேட்பார். நோயாளி ஆமாம் என்பார். வரிசை மொத்தமும் தலையாட்டும். அந்த இடத்துக்கு நிலையத்தில் பெரியவர் புள்ளி என்று பெயர்.

பக்கத்துக் கட்டில் அம்மா முந்தின நாளே பிரேக்கக்காவுக்குப் புத்திமதி சொல்லியிருந்தாள். அழுத்தும்போது கொஞ்சம் பெரிதாகவே கத்திவிடு, சட்டென்று வேலை முடிந்துவிடும், எனக்கே பித்தப்பையில்தான் கல், இருந்தாலும் கத்திவைத்தேன் என்றாள். பிரேக்கக்காவுக்கு அது ஒத்துவரவில்லை.

பெரிய டாக்டர் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

வார்டில் யாரோ மூடியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. பெரிய டாக்டர் விரலை எடுத்து, விரலைப் பார்த்து, மறுபடியும் அழுத்தினார்.

"இப்ப?"

"இப்பவும் இல்லைங்க. இந்தப் பக்கம் அழுத்திப் பாருங்க, உயிர் போகுது."

அந்தப் பக்கம் அழுத்துவதற்கு அவர் சுவருக்குள் புகுந்துதான் போக வேண்டும். அவர் போகவில்லை. வரிசையைத் திரும்பிப் பார்த்து ஒரு சின்ன உரை நிகழ்த்தினார்.

"உடம்புன்னா அதுல ஒரு ஒழுங்கு இருக்கு. அதை நாங்க வருஷக்கணக்கா படிச்சு வச்சிருக்கோம். நோயாளிங்க வந்துதான் அதைக் கலைச்சு விடுறாங்க. வலிக்க வேண்டிய இடத்துல இவங்களுக்கு வலி இல்லை. அப்படின்னா என்ன அர்த்தம்?"

வரிசை மொத்தமும் எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தது.

"குணமாயிடுச்சுன்னு அர்த்தம். அனுப்பிடுங்க."

அப்புறம்தான் பிரேக்கக்கா தன்னுடைய சுபாவத்துக்குத் திரும்பினாள். எழுந்திருக்க மாட்டேன் என்றாள். கட்டிலைக் காலி செய்ய வந்த ஆளிடம், என்னைத் தூக்கினால் உன் கையைக் கடிப்பேன் என்று சாந்தமாகச் சொன்னாள். கணவர் கையைப் பிசைந்துகொண்டு, பெரிய படிப்புப் படித்தவர்கள் சொல்கிறார்களே, ஒருவேளை நிஜமாகவே குணமாகி இருக்குமோ என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு அவள் நர்ஸிடம் பேனா கேட்டு வாங்கினாள். துணியை எச்சிலில் நனைத்து வலப்பக்கத்து நீல அம்பைத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று, அங்கியை இன்னும் கொஞ்சம் கிழித்து, இடப்பக்கம் தானே பெரிதாக ஓர் அம்பு வரைந்தாள். சாலையில் வைக்கிற பலகை மாதிரி, தடித்த அம்பு.

அன்று மாலை பெரிய டாக்டரே திரும்பி வந்தார். குணமான நோயாளி ஒருத்தி வீட்டுக்குப் போக மறுக்கிறாள் என்பது நிலையத்தின் மதிப்புக்குப் பங்கம் அல்லவா.

"இந்த அம்பு யார் போட்டது?"

"நான்தான்."

"அம்பு போட உங்களுக்கு அதிகாரம் உண்டா?"

"வயிறு என்னுதுங்க."

"வயிறு உங்களுது. யார் இல்லைன்னா? அம்பு எங்களுது."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வரிசையின் வாலில் வந்த சின்ன டாக்டரம்மா போகவில்லை. அவளுக்கு அம்பு எந்தப் பக்கம் இருந்தாலும் அதன் முனையில் கைவைக்கும்படிதான் பழக்கியிருந்தார்கள். இரண்டு அம்பு இருந்ததால் இரண்டு இடத்திலும் கைவைத்தாள். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து, இடுக்கில் நின்று, இடப்பக்கம் மெதுவாக அழுத்தி விட்டாள். பிரேக்கக்காவின் உடம்பு வில்லாக வளைந்தது. சின்ன டாக்டரம்மாவின் முகமும் மாறியது. என்ன தோன்றியதோ, ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நெஞ்சின் வலப்பக்கம் வைத்துக் கேட்டாள். அங்கே அடக்கமில்லாத ஓர் இதயம் திம் திம் என்று குதித்துக்கொண்டிருந்தது.

ஸ்கேன் எடுத்ததில் எல்லாம் தெரிந்துவிட்டது. கல்லீரல் இடப்பக்கம், மண்ணீரல் வலப்பக்கம், குடல் மொத்தமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிக் கிடந்தது. இடது அடிவயிற்றில் குடல்வால் வீங்கிச் சிவந்து நின்றது. பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி அமையும், பிறவியிலேயே வருவது, இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் வீங்கின குடல்வாலை உடனே எடுத்துவிட வேண்டும் என்று சின்ன டாக்டரம்மா விளக்கினாள். பிரேக்கக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எடுத்துரும்மா, இப்பவே எடுத்துரு என்றாள். ஆனால் அந்த நிலையத்தில் பெரிய டாக்டர் உத்தரவு இல்லாமல் ஒரு நூலைக்கூட வெட்ட முடியாது. சின்ன டாக்டரம்மா செய்தியைச் சொல்ல ஓடினாள்.

அந்த ஓட்டம்தான் தப்பாகப் போனது.

காலையில் கண் விழித்தபோது பிரேக்கக்கா தனி அறையில் இருந்தாள். கதவில் காவலாளி. தலைமாட்டில் பூங்கொத்து. பெரிய டாக்டர் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் சிரமப்பட்டு நின்றுகொண்டு, அவளுடைய இடது வயிற்றை, தொடாமல், குழந்தை தூங்குவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனக்குச் சந்தேகம் முதல் நாளே இருந்ததாக அவர் சொன்னார். வலிக்குதா என்று வேண்டுமென்றேதான் தப்பான பக்கம் கேட்டாராம். வரிசை மொத்தமும் தலையாட்டியது. எக்ஸ்ரேக்காரருக்கு, படத்தைத் திருப்பி வைத்து உண்மையை மறைத்ததற்காக, மறுபடியும் ஒரு திட்டு விழுந்தது.

அதற்கப்புறம் அவளைப் பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வந்தவர்கள் அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை, வயிற்றுக்குச் சொன்னார்கள். அவள் அறையிலேயே ஒரு மேசையைப் போட்டுச் சுற்றி உட்கார்ந்து, இப்படிப்பட்ட குடல்வாலுக்கு யார் பெயரை வைப்பது என்று வாதாடினார்கள். நிறுவனர் பெயரை வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. பெரிய டாக்டர் பெயரை என்று பெரிய டாக்டர் இருந்த கட்சி. படுத்திருந்த பிரேக்கக்கா, அது இருப்பது என் உடம்பில்தானே, என் பெயரை வைக்கலாமே என்றாள். பெரிய டாக்டர் கனிவாகச் சிரித்தார்.

"அப்படி வழக்கம் இல்லம்மா. நீங்க அதைச் சும்மா வச்சுக்கிட்டுதான் இருந்தீங்க. கண்டுபிடிச்சது நாங்க."

"சரிங்க. எப்ப எடுப்பீங்க?"

அதற்குப் பதில் நிலையத்தில் தயாராக இருந்தது. அந்த வாரக் கடைசியில் குடல்வால் மாநாடு கூடுகிறது. நாலா திசையிலிருந்தும் நிபுணர்கள் வருகிறார்கள். அவர்கள் கண் முன்னால், பெரிய திரையில், நேரடியாக எடுக்கப்படும். அதுவரைக்கும் குடல்வாலை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வதற்கென்று ஒரு குழு.

குழுவின் வேலை கஷ்டமான வேலைதான். கிருமி மருந்தை நிறையக் கொடுத்தால் வீக்கம் வற்றிவிடும். மாநாட்டில் எதைக் காட்டுவது? கொடுக்காமல் விட்டாலோ வெடித்துவிடும். அப்போதும் எதைக் காட்டுவது? ஆகவே ஆறவும் விடாமல், வெடிக்கவும் விடாமல், ஒரு பதத்தில் வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். காலையில் ஒருவர் வந்து மருந்தைக் கூட்டுவார். மத்தியானம் ஒருவர் வந்து, முகம் ரொம்பத் தெளிந்திருக்கிறதே என்று கவலைப்பட்டுக் குறைப்பார்.

சின்ன டாக்டரம்மா குழுவோடு சண்டை போட்டாள். உள்ளே உடைந்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவும், ஆளே போய்விடலாம் என்றாள். குழுத் தலைவர் அவளைத் தட்டிக்கொடுத்து, அபூர்வம் என்றால் அதில் ஆபத்து இருக்கத்தானே செய்யும் என்று ஆறுதல் சொன்னார்.

அவள் அதை மறைக்காமல் பிரேக்கக்காவிடம் வந்து சொன்னாள். இவள் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு கணவரைக் கூப்பிட்டு, என் செருப்பை எடுங்க, வேற ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அந்த மனிதர் ஒரு கணம்தான் தயங்கினார். வெள்ளைக் கோட்டின் மேல் இருந்த பயம் கொஞ்ச நாளாக அவருக்கும் கலைந்திருந்தது. செருப்பை எடுத்து, தானே மண்டியிட்டு அவள் காலில் மாட்டிவிட்டார். தோளைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் வந்துவிட்டார்கள்.

காவலாளி மரியாதையான ஆள்.

"நீங்க தாராளமா போகலாம்மா. யாரையும் பிடிச்சு வைக்கிற வழக்கம் இங்க இல்லை."

"பின்ன வழியை விடுங்க."

"நீங்க போகலாம். அது போகக்கூடாது. மாநாட்டு அழைப்புல அதோட படத்தைப் போட்டாச்சு."

பெரிய டாக்டரும் ஓடிவந்தார். முதல் முறையாக அவர் குரலில் நிஜமான நடுக்கம் இருந்தது. உங்களைப்போல் சுயநலமாக எல்லோரும் அவரவர் குடல்வாலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் மருத்துவம் எப்படி வளரும் என்று கேட்டார். நோயாளிகள் வருவார்கள் போவார்கள், நிலையம் நிற்க வேண்டாமா என்றார். நடுவில் பிரேக்கக்காவுக்குக் கால் மடிந்தது. தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். குழு கூடி, உணர்ச்சிவசப்பட்டதால் குடல்வாலுக்கு ஏதும் பாதிப்பு உண்டா என்று விசாரித்தது.

மாநாடு கூடிய காலையில் அவளை ஆபரேஷன் மேசையில் கிடத்தினார்கள். அடுத்த கட்டடத்து மண்டபத்தில் நிபுணர்கள் நிரம்பியிருந்தார்கள். மேசைக்கு மேலே கேமரா. மண்டபத்தில் பேசுவது இங்கே ஒலிபெருக்கியில் கேட்டது. மயக்க மருந்து கொடுப்பவர் ஊசியோடு நின்றார். ஆனால் கொடுக்கக்கூடாது. நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரை, நிலையத்தின் வரலாறு, நோயாளி நன்றி கூறல், அதற்கப்புறம்தான் ஆபரேஷன். நன்றி கூறுவதற்காக அவளுடைய அங்கியில் சின்ன மைக் ஒன்றைக் குத்தியிருந்தார்கள். தன்னை இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்த வலிக்கு நன்றி என்று தொடங்கும்படி எழுதியும் கொடுத்திருந்தார்கள்.

ஒலிபெருக்கியில் பெரிய டாக்டர் வரலாற்றைத் தொடங்கினார். மனிதனுக்குக் குடல்வால் எதற்காகப் படைக்கப்பட்டது என்று கேட்டு, நாம் எடுப்பதற்காக என்று அவரே பதிலும் சொன்னார். கைதட்டல் எழுந்தது. நிறுவனருடைய பிள்ளைப்பருவத்துக்குப் போனார்.

பிரேக்கக்காவுக்கு வலி திடீரென்று விட்டுப்போனது. அப்பாடா என்று இருந்தது. பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரம்மாவைப் பார்த்து, வலி நின்றுவிட்டதே என்று சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

"நின்னுடுச்சா? திடீர்னா?"

"ஆமா."

"அக்கா, அது நல்லது இல்லக்கா. உள்ள உடைஞ்சிருக்கும். கொஞ்ச நேரத்துல வயிறு முழுக்க வலி வரும்."

"அப்ப ஆரம்பிம்மா."

"அவர் இன்னும் வரலையே. உத்தரவு இல்லாம நான் தொட்டா..."

சொல்லிவிட்டு அந்தப் பெண் ஒலிபெருக்கியைப் பார்த்தாள். அதில் நிறுவனர் இன்னும் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார்.

பிரேக்கக்கா அங்கியில் துழாவி மைக்கின் விசையைத் தள்ளினாள்.

"பெரிய டாக்டரய்யா, நான் மேசையில இருந்து பேசுறேன். நன்றி சொல்லச் சொன்னீங்க, அது அப்புறம். உள்ள உடைஞ்சிருக்கும்னு இங்க நிக்கிற டாக்டரம்மா சொல்றாங்க. என் வயித்தைத் திறக்க அவங்களுக்கு நான் சம்மதம் குடுத்துட்டேன். மண்டபம் நிறைய டாக்டருங்க இருக்கீங்க, நீங்க எல்லாரும் சாட்சி. கூடாதுன்னு சொல்றவங்க எழுந்திரிச்சு நின்னு, ஏன் கூடாதுன்னு என் காதுல விழுற மாதிரி சொல்லுங்க."

ஒலிபெருக்கியில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அவ்வளவுதான். பெரிய டாக்டரின் குரல் மட்டும் கொஞ்சம் கழித்து வந்தது.

"அம்மா, நான் இன்னும் வரலாற்றையே முடிக்கலையே."

"முடிங்கய்யா. இருந்தா வந்து கேட்டுக்கறேன்."

மண்டபத்தில் பலத்த கைதட்டல். நிகழ்ச்சியிலேயே மிகவும் இயல்பாக அமைந்த பகுதி என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சின்ன டாக்டரம்மா கையுறையை இழுத்து மாட்டினாள். மேசைக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு கருவிகளையும் விளக்கையும் திரையையும் எதிர்ப்பக்கம் தள்ளச் சொல்லி, இதுவரைக்கும் அந்த நிலையத்தில் யாருமே நிற்காத பக்கத்தில் போய் நின்றாள். மயக்க மருந்துக்காரர் ஊசியைப் போட்டார். பிரேக்கக்காவுக்கு அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது.

மீதியை அவளுக்குக் கணவர்தான் சொன்னார். அவரை மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்களாம். திரையில் வயிறு தெரிந்ததும், படம் காட்டுகிற ஆள், எல்லாம் இடப்பக்கமாகத் தெரிகிறதே, தன் கேமராவில் கோளாறு என்று பதறி, பிம்பத்தை இடம் வலமாக மாற்றி, அதன் மேல் நிலையத்தின் பெயரை நேராக ஓடவிட்டான். பல வருஷமாக நிலையத்தில் வேலை பார்க்கிறவன், பாவம். வந்த நிபுணர்களுக்கெல்லாம் வலப்பக்கத்தில் ஒரு சாதாரணக் குடல்வால், தினமும் அவரவர் ஊரில் எடுக்கிறது, தெரிந்தது. இதில் அபூர்வம் எங்கே என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். பெரிய டாக்டர் படத்தை மாற்றச் சொல்லிக் கத்தினார். மாற்றினார்கள். மாற்றியதும் திரையின் கீழே ஓடிய நிலையத்தின் பெயர் தலைமாறிப் போனது. நிர்வாகத்தார் எழுந்து, குடல்வால் எப்படித் தெரிந்தாலும் பரவாயில்லை, நிலையத்தின் பெயர் தலைமாறித் தெரியக்கூடாது என்றார்கள். மறுபடியும் மாற்றினார்கள். பெயர் நேராக நின்றது. அபூர்வம் போய்விட்டது.

"அந்தப் பொண்ணு மட்டும் திரையையே பார்க்கலை," என்றார் கணவர். "குனிஞ்சு உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்துச்சு."

உடைந்துதான் போயிருந்தது. வயிற்றைக் கழுவி, சீழை எடுத்து, வடிவதற்குக் குழாய் வைத்திருந்தார்கள். காய்ச்சல் விட்டு, ரொட்டித் துண்டு ஒன்று உள்ளே போய், பிழைத்துக்கொண்டோம் என்று அவளுக்கே நம்பிக்கை வந்த காலையில் பெரிய டாக்டர் வரிசையோடு வந்தார். இப்போது வரிசையில் சின்ன டாக்டரம்மா இல்லை. அவள் மேல் விசாரணை நடப்பதாகவும், அது முடிகிறவரை அவள் இந்த அறைக்கு மட்டும் வந்துபோகலாம் என்றும் கேள்வி. அவள் சன்னல் ஓரம் நின்று மருந்துக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். மாநாட்டில் ஏற்பட்ட சிறு தொழில்நுட்பக் குளறுபடியால் மருத்துவ உலகத்துக்குப் பெரிய நஷ்டம் வந்துவிட்டது என்றார். வந்தவர்கள் நிலையத்தைச் சந்தேகப்படுகிறார்களாம். இப்படி ஒரு வயிறு இருந்ததே பொய் என்கிறார்களாம். ஆகவே நிர்வாகம் ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது.

"மறுபடியும் ஒரு தடவை திறக்கணும்மா. எடுக்கறதுக்கு இல்லை, எடுக்கத்தான் ஒண்ணும் இல்லையே. சும்மா திறந்து, சரியான பக்கத்துல படம் பிடிச்சு, மூடிடுவோம். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

கணவர் வாயைத் திறந்தார். பிரேக்கக்கா கையமர்த்தினாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? என் உடம்புல எது எந்தப் பக்கம் இருக்குன்னு எல்லாரும் பார்த்தாச்சு. உங்க உடம்புல எது எந்தப் பக்கம் இருக்குன்னு யாராச்சும் பார்த்திருக்காங்களா?"

பெரிய டாக்டர் சிரிக்கப் பார்த்தார். அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, கோட்டுக்கு மேலாகப் போய் வலது அடிவயிற்றை லேசாக அழுத்தியது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து இடப்பக்கம் போனது.

"நாளைக்குப் பேசிக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார்.

வரிசையும் திரும்பியது. கதவு திறந்தே கிடந்தது. நீண்ட நடைபாதையில் அவர்கள் பதவி வரிசையில் போவதைப் பிரேக்கக்கா படுத்தபடியே பார்த்தாள். முன்னால் பெரிய டாக்டர், பின்னால் உதவி டாக்டர்கள், ஒருவர் விடாமல் கையால் அவரவர் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு போனார்கள், இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம்.

சின்ன டாக்டரம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது.

"சிரிக்க வைக்காதேம்மா," என்றாள் பிரேக்கக்கா, இடப்பக்கத்துத் தையலைக் கையால் பொத்திக்கொண்டு. "பிரிஞ்சா மறுபடியும் அவர் வந்துருவார்."